சவுக்காரக் கிழவர் விழுந்த வெள்ளிக்கிழமை

பெரியவர் விழுந்தபோது நான் ஏணியின் மூன்றாவது படியில் நின்றிருந்தேன். மாலையை அவர் கழுத்துக்கு நேராகப் பொருத்திவிட்டு, இடதுபுறம் கொஞ்சம் தாழ்ந்திருக்கிறதே என்று கையை நீட்டினேன். சுவருக்குள் ஏதோ நறுக்கென்றது. மறுநொடி அந்தக் கனத்த மரச்சட்டம் என் தோளை உரசிக்கொண்டு இறங்கி, கீழே இருந்த இரும்பு அலமாரியின் மூலையில் இடித்து, தரையில் குப்புற விழுந்தது. ஆணி சுவர்க்காரையோடு பெயர்ந்து வந்து ஏணிக்கடியில் கிடந்தது. நடை முழுவதும் சாமந்தி இதழ்கள். நான் உடனே இறங்கவில்லை. இறங்கினால்தான் அது நடந்ததாக ஆகும் என்று ஒரு நினைப்பு. இப்போது சிரிப்பாக இருக்கிறது.

அது மெல்பர்னின் புறநகரான டண்டினொங்கில் ஒரு சோப்புத் தொழிற்சாலை. மருத்துவமனைகளுக்கும் பள்ளிக்கூடங்களுக்கும் கை கழுவும் சோப்பு செய்து அனுப்புகிற, ஐம்பது அறுபது பேர் வேலை பார்க்கிற இடம். கடலூரில் ஒரு ரசாயன ஆலையில் இருந்த நான் வேலை விசாவில் அங்கே தரக்கட்டுப்பாட்டு வேதியியலாளனாகச் சேர்ந்து மூன்று வருடம் ஆகியிருந்தது. அலுவலகத்திலிருந்து ஆலைக்குப் போகிற நடையில் அந்த எண்ணெய் ஓவியம் தொங்கியது. கறுப்புக் கோட்டு, விறைத்த வெள்ளைக் கழுத்துப்பட்டை, காதோரம் இறங்கிய நரைத்த கிருதா, எவனையும் எடுத்த எடுப்பில் நம்பாத பார்வை. கீழே பித்தளைத் தகட்டில் நிறுவனர் என்று பொறித்திருந்தது. அயர்லாந்திலிருந்து வெறுங்கையோடு கப்பலேறி வந்து, மெல்பர்ன் அப்போதுதான் ஊராகிக்கொண்டிருந்த தங்க வேட்டைக் காலத்தில், நேர்மை ஒன்றை மட்டுமே நம்பி இந்தத் தொழிலைத் தொடங்கியவர் என்று ஒவ்வொரு சோப்புப் பெட்டியிலும் அவர் முகத்தோடு அச்சடித்திருப்பார்கள். ஃபோர்க்லிஃப்ட் ஓட்டிய யாழ்ப்பாணத்து அண்ணை ஒருவர் அவருக்கு ‘சவுக்காரக் கிழவர்’ என்று பெயர் வைத்திருந்தார். சவுக்காரம் என்றால் அவர்கள் ஊர்த் தமிழில் சோப்பு. காலையில் உள்ளே வரும்போதெல்லாம், “கிழவர் இண்டைக்கும் முறைச்சுக்கொண்டுதான் நிக்கிறார்” என்று எனக்கு அறிவிப்பார்.

நான் எழுத உட்கார்ந்தது உண்மையில் எங்கள் முதலாளியம்மாவைப் பற்றி. அந்தக் கிழவருக்குக் கொள்ளுப்பேத்தி. அறுபதைத் தாண்டியவர், குள்ளம், ஒல்லி, எப்போதும் கையில் பாதி ஆறிய தேநீர்க் கோப்பை. பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும் என்று முதல் நாளே சொன்னார். மூன்று வருடத்தில் ஒரு தடவைகூட எனக்கு வாய் வரவில்லை. மேடம் என்றே நின்றுபோனது. அவர் அந்த நடையில் ஓவியத்தின் பக்கம் பார்க்காமல், எதிர்ச்சுவரை ஒட்டியே நடப்பார். அதை நான் கவனித்திருந்தேன். பெரியவர் மேல் அவ்வளவு மரியாதை போல என்று நினைத்துக்கொண்டேன். நம்மூரில் பண்ணையார் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றுவதைப் பார்த்து வளர்ந்தவனுக்கு வேறென்ன தோன்றும்?

அந்த அக்டோபரில் என் வாழ்க்கை முழுவதும் மேடத்தின் ஒரு கையெழுத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. பி.ஆர். என்கிற நிரந்தர வசிப்புரிமைக்கான விண்ணப்பத்துக்குத் தொழிற்சாலை என்னைப் பரிந்துரைக்க வேண்டும். படிவங்கள் அவர் மேசையில் இருந்தன. ஆயுத பூஜைக்கு அடுத்த வெள்ளிக்கிழமை கடைசி நாள். அது தவறினால் விசா முடிந்து ஊருக்குக் கிளம்ப வேண்டியதுதான். என் மனைவிக்கு ஆறாவது மாதம். பிறக்காத பிள்ளைக்கு நல்ல பள்ளிக்கூடம் வேண்டுமென்று கிளென் வேவர்லியில் எந்தத் தெரு எந்தப் பள்ளியின் எல்லைக்குள் வருகிறது என்று அவள் கைபேசியில் வரைபடம் பார்த்துக்கொண்டிருந்த காலம். நாங்கள் குடியிருந்ததோ டண்டினொங் ரயில் நிலையத்துக்குப் பின்னால், ஒரு படுக்கையறை வீட்டில்.

ஆயுத பூஜை வெள்ளிக்கிழமை வந்தது. ஆலையில் நாங்கள் ஏழெட்டுப் பேர் தமிழர்கள். இயந்திரங்களுக்குப் பொட்டு வைத்துச் சுண்டல் கொடுக்கலாமா என்று மேடத்திடம் கேட்டேன். தாராளமாக என்றார். பாதுகாப்பு அதிகாரிதான் படிவம் கேட்டார். கற்பூரம் கூடாது, புகைமணி அடிக்கும். பேட்டரி விளக்கு வைத்தோம். பூசணிக்காய் கூடாது, தரை வழுக்கும். ஃபோர்க்லிஃப்டின் சக்கரத்தடியில் வைக்கிற எலுமிச்சம்பழத்துக்கு மட்டும் அனுமதி கிடைத்தது. ‘எலுமிச்சம்பழம் நான்கு, நசுங்கும், உடனே துடைக்கப்படும்’ என்று ஆபத்து மதிப்பீட்டுப் படிவத்தில் என் கையால் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். இவ்வளவு முன்ஜாக்கிரதை பார்த்தவன் ஒரு பழைய ஆணியைப் பற்றி யோசிக்கவில்லை.

ஊரில் ஆயுத பூஜை என்றால் மாலை இயந்திரத்துக்குத்தான். கடலூர் ஆலையில் கொதிகலனுக்கு விழும் முதல் மாலை. முதலாளி படத்துக்கு யாரும் போட்டதில்லை. அன்று நான் அதை மாற்றினேன். காரணத்தை மறைப்பானேன்? திங்கட்கிழமை மேடம் வரும்போது கொள்ளுத்தாத்தா கழுத்தில் மாலை தொங்க வேண்டும், அவர் நெகிழ வேண்டும், அந்த ஈரத்திலேயே படிவத்தில் கையெழுத்து விழ வேண்டும். அதுதான் கணக்கு. என் மனைவி டண்டினொங் சந்தையில் வாளி வாளியாகச் சாமந்தி வாங்கி, தேருக்குப் போடுகிற பருமனில் கட்டினாள். வாடாமல் இருக்க ஈரத்துணியில் சுற்றி வைத்ததில் மாலை தண்ணீரை இழுத்து ஒரு சாக்கு அரிசி கனம் கனத்தது.

படம் விழுந்தபோது எல்லோரும் கேன்டீனில் சுண்டல் தின்றுகொண்டிருந்தார்கள். மேடம் வெள்ளிக்கிழமைகளில் வரமாட்டார். நடையில் நானும் ஏணியைப் பிடித்த அண்ணையும் மட்டும்தான். படத்தை நிமிர்த்திப் பார்த்தோம். சட்டத்தின் ஒரு மூலை பிளந்திருந்தது. கிழவரின் வலது தோளில் ஒரு சாண் நீளத்துக்குக் கிழிசல். முறைப்பு மட்டும் அப்படியே இருந்தது.

“அண்ணே, செத்தேன்” என்றேன்.

“கத்தாதை தம்பி. ஒருத்தரும் காணேல்லை.” அண்ணை இரண்டு பக்கமும் எட்டிப் பார்த்தார். “பூவைக் கூட்டி அள்ளு. படத்தைச் சுவரோட சாத்தி வை. திங்கள் விடிய துப்புரவாக்கிற மனிசி வருவா. அவ தட்டுப்பட்டு விழுத்திப்போட்டா எண்டு நினைப்பினம். அவவை என்ன, தூக்கிலயா போடப்போகினம்?”

அவரைக் குற்றம் சொல்லமாட்டேன். படகு, முகாம், விசாரணை என்று எட்டு வருடம் அலைக்கழிந்து காகிதம் வாங்கியவர். காகிதத்தின் அருமை என்னைவிட அவருக்குத் தெரியும். நான் பூவை அள்ளினேன். படத்தைச் சாத்தினேன். மாலையைக் குப்பைப் பையில் போட்டுக் காரின் டிக்கியில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

சனியும் ஞாயிறும் சோறு இறங்கவில்லை. என் மனைவி முகத்தைப் பார்த்தே பிடித்துவிட்டாள். “மாலை நல்லா இருந்துச்சா?” என்று கேட்டவளிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். அவள் வயிற்றில் கையை வைத்துக்கொண்டு கேட்டாள். பிறகு, “நீங்க என்ன செஞ்சாலும் சரிங்க. ஆனா எங்கிட்ட சொல்ற முகத்தோட அந்தம்மாகிட்ட பொய் சொல்லப் போகாதீங்க. மாட்டிக்குவீங்க” என்றாள். தர்மம் பேசுகிறாளா, என் நடிப்புத் திறமையைச் சொல்கிறாளா என்று புரியவில்லை. இரண்டும்தான் போலிருக்கிறது.

திங்கட்கிழமை ஏழு மணிக்கே போனேன். சொல்லிவிடுவது என்று முடிவு செய்து போனதாக எழுத ஆசைதான். உண்மை அதுவல்ல. எதுவும் தெரியாதவன்போல என் ஆய்வகத்துக்குள் நுழைந்துவிடலாம் என்றுதான் போனேன். நடையில் துப்புரவுப் பெண்மணி துடைப்பத்தோடு நின்றிருந்தார். கம்போடியாக்காரர், ஐம்பது வயதிருக்கும், மூன்று வருடமாகத் தினமும் புன்னகை மட்டும் பரிமாறிக்கொண்டவர்கள் நாங்கள். கிழிந்த படத்தின் முன்னால் நின்ற அவர் என்னைக் கண்டதும் துடைப்பத்தை விட்டுவிட்டு இரண்டு கையையும் ஆட்டினார். “நான் இல்லை. நான் இப்பதான் வந்தேன். தொடவே இல்லை. நான் இல்லை” என்று உடைந்த ஆங்கிலத்தில் திரும்பத் திரும்பச் சொன்னார். அவரிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. கேட்பதற்கு முன்பே பதில் சொல்லப் பழகியிருந்தார். எனக்கு உடம்பெல்லாம் கூசிப்போயிற்று.

“தெரியும். நான்தான்” என்றேன்.

மேடத்தின் கார் அப்போதுதான் வந்து நின்றது. அவர் கோட்டைக் கழற்றுவதற்குள் அறைக்குள் போய் நின்று சொல்லிவிட்டேன். மாலை, ஈரத்துணி, ஏணி, ஆணி. ஏணியைப் பிடித்த அண்ணையைப் பற்றி மட்டும் சொல்லவில்லை. என் ஆங்கிலம் அன்று என்னைக் கைவிட்டது. ஆயுத பூஜையை எப்படி விளக்கினேன் என்று இன்றைக்கும் தெரியாது. அவர் நடைக்கு வந்தார். முழங்காலிட்டு உட்கார்ந்து கிழிசலைப் பார்த்தார். பிறகு படத்தைத் திருப்பினார். முதுகில் ஒட்டியிருந்த பழுப்புக் காகிதம் விழுந்த வேகத்தில் பிரிந்து தொங்கியது. அதற்குள்ளே, துணியின் பின்பக்கத்தில், மங்கிய சீட்டு ஒன்று ஒட்டியிருந்தது. அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். திரும்பவும் படித்தார். என்னிடம் நீட்டவில்லை, ஆனால் பக்கத்தில் நின்ற எனக்கும் எழுத்துத் தெரிந்தது. அது ஒரு ஏலக்கடைச் சீட்டு. காலமான ஆங்கிலேயக் கம்பளி வியாபாரி ஒருவரின் வீட்டுச் சாமான்கள், அவருடைய உருவப்படம், சட்டத்துடன், என்று இருந்தது. வாங்கியவர் என்ற இடத்தில் நிறுவனரின் பெயர்.

சுவரில் அத்தனை காலம் இருந்தவர் நிறுவனரே இல்லை. எவரோ ஓர் ஆங்கிலேயர்.

மேடம் எழுந்து தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அன்று முழுவதும் திறக்கவில்லை. செவ்வாய்க்கிழமை வரவில்லை. புதன்கிழமையும் வரவில்லை. படிவங்கள் அவர் மேசையில் கிடப்பது கதவுக் கண்ணாடி வழியாகத் தெரிந்தது. தேநீர் எடுக்கப் போகிற சாக்கில் ஒரு நாளைக்குப் பத்துத் தடவை போய்ப் பார்த்தேன். உடைத்ததோடு நின்றிருந்தால் ஒருவேளை மன்னித்திருப்பார். நான் உடைத்தது அவர்கள் குடும்பத்தின் நேர்மையை அல்லவா? பெட்டிக்குப் பெட்டி அச்சடித்த நேர்மை.

அண்ணை வண்டியிலிருந்து இறங்காமலே நிலைமையைச் சொன்னார். “தம்பி, நீ கிழவரை விழுத்தினது மட்டுமில்லை. ஆளையே இல்லாமல் ஆக்கிப்போட்டாய். ஓம், வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். சரி, இனி என்ன செய்யிறது.”

வியாழக்கிழமை மதியம் மேடம் கூப்பிட்டனுப்பினார். மேசை முழுக்க நகலெடுத்த பழைய கடிதங்கள். நிறுவனர் அயர்லாந்தில் இருந்த தன் அக்காவுக்கு எழுதியவை. அங்கிருந்து ஓர் உறவினர் பல வருடங்களுக்கு முன்பே அனுப்பி வைத்திருந்தாராம். “எழுத்து கோழி கிறுக்கினது மாதிரி இருக்கும். படிக்கப் பொறுமையில்லாமல் பெட்டியில் போட்டுவிட்டேன். இந்த இரண்டு நாளும் பூதக்கண்ணாடி வைத்து உட்கார்ந்தேன்” என்றார். கண்கள் சிவந்திருந்தன. உட்காரச் சொன்னார். நான் நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்தேன்.

அன்று அவர் வாயால் கேட்டதுதான் அந்த மனிதரின் வாழ்க்கை. உருளைக்கிழங்குப் பயிர் அழுகிப்போன பஞ்சத்தில் அப்பாவையும் இரண்டு தம்பிகளையும் புதைத்துவிட்டுக் கப்பலேறியவர். பல்லாரட் தங்கச் சுரங்கங்களில் இரண்டு வருடம் தோண்டினார். தங்கம் கண்ணில் படவில்லை. பட்டதெல்லாம் இருட்டு. குழிக்குள் இறங்குகிறவன் ஒவ்வொருவனுக்கும் மெழுகுவத்தி தேவைப்படுகிறது, கிடைப்பதில்லை என்று பார்த்தார். ஊர் முழுக்க ஆடு வெட்டிக் கொழுப்பைக் கொட்டுகிறார்கள் என்பதையும் பார்த்தார். மெல்பர்னில் யாரா என்ற ஆற்றின் கரையில் ஒரு தகரக் கொட்டகை போட்டு அந்தக் கொழுப்பை உருக்கி மெழுகுவத்தி ஊற்றினார். நாற்றம் தாங்காமல் அக்கம்பக்கத்தார் புகார் எழுதினார்கள். பிறகு அதே கொழுப்பில் காரம் கலந்து சோப்பு காய்ச்சினார். சோப்பு நன்றாகத்தான் இருந்தது. வாங்கத்தான் ஆளில்லை. ஐரிஷ்காரர்கள் விண்ணப்பிக்க வேண்டாம் என்று வேலை விளம்பரத்திலேயே போடுகிற காலம். கப்பல் முகவர்களும் பெரிய விடுதிக்காரர்களும் அவருடைய ஐரிஷ் உச்சரிப்பைக் கேட்டதும் கதவைச் சாத்தினார்கள்.

அந்தப் படத்தை அவர் சட்டத்துக்காகத்தான் ஏலத்தில் எடுத்திருக்கிறார். உள்ளே இருந்த ஆளைக் கழற்றிவிட்டு முகம் பார்க்கும் கண்ணாடி மாட்டுவதாகத் திட்டம். கொட்டகையில் சாய்த்து வைத்திருந்த அன்றைக்கே ஒரு கப்பல் முகவர் வந்தார். படத்தைப் பார்த்ததும் தொப்பியைக் கழற்றி, “உங்கள் தகப்பனாரா?” என்று கேட்டார். இந்த இடத்தை மேடம் கடிதத்திலிருந்தே வாசித்தார். ‘அக்கா, நான் பொய் சொல்லவில்லை. வாயைத் திறக்கவில்லை, அவ்வளவுதான். அவர் ஒரு கப்பலுக்கு வேண்டிய சோப்பு முழுவதையும் கேட்டுவிட்டுப் போனார். படத்தைச் சுவரில் மாட்டிவிட்டேன். இனி இந்த ஆளை எப்படி இறக்குவேன்?’

அவர் இறக்கவில்லை. பிள்ளைகள் சிறுசுகளாக இருக்கும்போதே நெஞ்சு வலியில் போய்விட்டார். அவர் முகத்தைப் பிடித்த புகைப்படம் ஒன்றும் இல்லை. வளர்ந்த பிள்ளைகள் சுவரில் இருந்தவரையே அப்பா என்று நம்பினார்கள். பேரன், அதாவது மேடத்தின் அப்பா, அந்த முகத்தைப் பெட்டியில் அச்சடித்தார்.

கடைசிக் கடிதத்தில் அவர் தன்னைப் பற்றி எழுதியிருந்தார். தலையில் முடி போய்விட்டது, காரம் பட்டுக் கைத்தோல் உரிந்துபோயிற்று, முன்பைவிடக் குள்ளமாகிவிட்டேன், நீ பார்த்தால் சிரிப்பாய். இதை வாசித்ததும் மேடம் காகிதத்தை வைத்துவிட்டார். “சின்ன வயதில் அப்பா என்னை அந்தப் படத்துக்குக் கீழே நிறுத்துவார். உனக்குப் பெரியவரின் தாடையும் இல்லை, தைரியமும் இல்லை என்பார். இந்தத் தொழிலை எடுத்த நாள்முதல் ஒவ்வொரு முடிவுக்கும் நான் அந்த முகத்துக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன்.” சொல்லிக்கொண்டே வந்தவர் சட்டென்று சிரிக்க ஆரம்பித்தார். கண்ணீர் வரச் சிரித்தார். “யாரோ ஒரு கம்பளி வியாபாரி! என் சொந்தக்காரரே இல்லை! நான் குள்ளம். அவரும் குள்ளம். எனக்கு இது போதும்.”

எனக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் சிரிப்பதற்கு இன்னும் உரிமை கிடைக்கவில்லை என்று அடக்கிக்கொண்டேன். அவர் அதைப் பார்த்துவிட்டு மேசையில் கடிதங்களுக்கு அடியிலிருந்து என் படிவங்களை எடுத்தார். கூடவே தான் எழுதிய பரிந்துரைக் கடிதத்தையும் தந்து, படித்துப் பார்க்கச் சொன்னார். வேலையைப் பற்றி நான்கு வரி இருந்தது. அதன் கீழே இப்படி எழுதியிருந்தார்: ‘இவர் எங்கள் கட்டடத்தில் ஒரு பொருளை உடைத்தார். அங்கே யாரும் இல்லை. தானே வந்து சொன்னார். இவருடைய நடத்தையைப் பற்றி எனக்கு இவ்வளவு தெரிந்தால் போதும்.’

அதைப் படித்ததும் எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வெட்கம்தான் வந்தது. “மேடம், இது சரியில்லை” என்றேன். “நான் சொல்வதாக இல்லை. துப்புரவு செய்கிற அம்மா மேல் பழி விழட்டும் என்று இரண்டு நாள் இருந்தேன். திங்கட்கிழமை அவர் அப்படி நின்றிருக்காவிட்டால் சொல்லியிருப்பேனா என்று எனக்கே தெரியாது.” சொல்லும்போதே தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றியது. கைக்கு வந்த கையெழுத்தை யாராவது வாயால் கெடுத்துக்கொள்வார்களா?

மேடம் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தார். “அவர்தான் உடைத்தார் என்று என்னிடம் சொன்னீர்களா?”

“இல்லை.”

“வேறு யாரிடமாவது?”

“இல்லை மேடம்.”

“அப்படியானால் எழுதியது சரிதான்” என்று சொல்லிவிட்டு, ஒரு எழுத்தையும் மாற்றாமல் கையெழுத்துப் போட்டார்.

இப்போது அந்தத் தொழிற்சாலை வேறு கைக்குப் போய்விட்டது. விற்க வேண்டும் என்று பல வருடமாக ஆசைப்பட்டும், பெரியவருக்குப் பயந்து விற்காமல் இருந்ததாக மேடம் பின்னால் சொன்னார். என் பி.ஆர். வந்து சேர்ந்த பிறகே விற்பனைப் பேச்சைத் தொடங்கினார் என்பதை நானாகத்தான் தெரிந்துகொண்டேன். கடலோரத்தில் ஒரு சிறிய வீட்டில் இருந்து, நிம்மதியாக நடமாடிவிட்டு, போன வருடம் காலமானார். அவர் உடலருகே நின்றபோதுதான் பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். கிளென் வேவர்லி எங்களுக்கு எட்டவில்லை. ஊரைவிட்டுத் தள்ளியிருக்கிற கிரான்பர்னில்தான் வீடு. வரைபடத்தில் தேடிய பள்ளிக்கூடம் இல்லாமலே என் மகள் நன்றாகப் படிக்கிறாள். தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொல்கிறாள். புதிதாக வருகிற பிள்ளைகள் விசாக் கவலையோடு என்னிடம் வந்து உட்காரும்போது, அந்த வியாழக்கிழமை உடம்பில் திரும்ப வருகிறது.

அன்று படிவங்களும் கடிதமும் இருந்த உறையை மார்போடு அணைத்துக்கொண்டு வெளியே வந்தேன். சுமையேற்றும் மேடையின் ஓரத்தில் அப்படியே உட்கார்ந்து அழுதேன். அண்ணை ஃபோர்க்லிஃப்டை நிறுத்திவிட்டுப் பதறி இறங்கி ஓடிவந்தார். என் அழுகையைப் பார்த்து அவர் முகம் இருண்டுவிட்டது.

“என்ன தம்பி, என்ன சொன்னவ? ஊருக்குப் போறியோ?”

உறையைத் தூக்கிக் காட்டினேன். மூன்று வருடம் அவரோடு தின்று பேசிப் பழகியதில் அவருடைய தமிழே என் வாயில் வந்தது.

“இல்லை அண்ணை. இருக்கிறன்.”